குறைந்த தூரமே ஓடும் வண்டியும் அதன் இன்ஜினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆதங்கம்தான்: "நான் வண்டியை அதிகம் ஓட்டுவதே இல்லையே, அப்புறம் ஏன் இந்தப் பிரச்சினை?" குறைவாக ஓடிய வண்டி நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பியே பலர் நல்ல இன்ஜினை வீணடிக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதிக் கணக்கு. எத்தனை முறை ஆறிய நிலையில் கிளம்பி, ஆயில் சூடேறுவதற்குள் நின்றது என்பது மீதிக் கணக்கு. அந்த மீதியை யாரும் பார்ப்பதில்லை.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். இதில் இன்ஜின் என்ன கெட்டுவிடப் போகிறது?

ஒரு நாளில் எதுவும் கெடாது. அதையே மாதக்கணக்கில் செய்யும்போதுதான் சேதம் சேர்கிறது. இன்ஜினின் பாகங்கள் எல்லாம் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் ஓடுவதற்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஆறிய நிலையில் பிஸ்டன் சற்றுச் சிறுத்திருக்கும், அதைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சரியாகப் படிந்திருக்காது, ஆயில் கெட்டியாக இருக்கும். எரிபொருள் சரியாக ஆவியாகாது என்பதால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அதை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பீய்ச்சும். நெடுந்தூரம் போகும் வண்டிக்கு இந்த நிலை பயணத்தின் ஆரம்பத்தில் சில நிமிடங்கள்தான். உங்கள் வண்டிக்கோ பயணம் முழுவதுமே இதுதான்.

விளைவுகளில் முக்கியமானவை மூன்று. ஆயிலில் தண்ணீர் சேரும், ஆயிலில் எரிபொருள் சேரும், பேட்டரி முழுதாக நிரம்பாமலே காலம் தள்ளும். சைலன்சர் துருப்பிடிப்பதும் டீசல் வண்டியில் புகை வடிகட்டி அடைப்பதும் இவற்றோடு வரும். ஒவ்வொன்றாகக் கீழே பார்க்கலாம்.

எத்தனை கிலோமீட்டருக்குக் கீழே போனால் அது குறைந்த தூரம்?

பல நிறுவனங்களின் கையேடுகளில் 8 கிலோமீட்டருக்குக் குறைவான பயணங்கள் என்றும், உறைநிலைக் குளிரில் 16 கிலோமீட்டருக்குக் குறைவானவை என்றும் இருக்கும். ஆனால் தூரத்தைவிட நேரத்தை வைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. நெரிசலில் நாலு கிலோமீட்டர் போக அரை மணி நேரம் ஆகலாம். தூரம் குறைவு என்றாலும் அந்த இன்ஜின் சூடேறிவிடும். காலி ரோட்டில் ஐந்தே நிமிடத்தில் முடியும் நாலு கிலோமீட்டரில் சூடேறாது. பத்து நிமிடத்துக்குள் முடிகிற பயணம் குறைந்த தூரம், இருபது நிமிடத்தைத் தாண்டினால் கவலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிடுகிறதே. அப்படியென்றால் இன்ஜின் சூடாகிவிட்டதுதானே?

அந்த முள் காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் சீக்கிரம் சூடாகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை அது ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதனால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அப்படி இல்லை. அது அடியில் இருக்கும் சம்ப்பில் வந்து விழுகிறது, சம்ப்பின் அடிப்புறத்தில் காற்று பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயில் முழுச் சூட்டுக்கு வர பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் முள் உண்மையான அளவை அப்படியே காட்டுவதில்லை. சூடு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஆக, முள் நடுவில் இருக்கிறது என்பதற்கு 'கூலன்ட் பரவாயில்லை' என்று மட்டுமே அர்த்தம்.

ஆயிலுக்குள் தண்ணீர் எப்படி வரும்? எல்லாம் மூடித்தானே இருக்கிறது?

தண்ணீர் வெளியிலிருந்து வருவதில்லை, பெட்ரோல் எரிவதிலிருந்தே வருகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேரும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியே வருகிறது. கேட்கும் பலரும் இதை நம்புவதில்லை, ஆனால் அளவு அதுதான். இதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் பகுதிக்கு இறங்கும். எல்லா இன்ஜினிலும் இது நடக்கும். ரிங்குகள் சரியாகப் படியாத ஆறிய இன்ஜினில் இன்னும் கூடுதலாக நடக்கும்.

கீழே இறங்கிய நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டால் துளித்துளியாகப் படிந்து ஆயிலோடு கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால் அது ஆவியாகவே இருந்து, கிராங்க்கேஸ் காற்றுக்குழாய் வழியாக மறுபடி எரிகலனுக்குப் போய் வெளியேறிவிடும். அந்தச் சூட்டுக்கு வரும் முன்பே நிறுத்தினால் தண்ணீர் அங்கேயே தங்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஈரத்துணியைக் காயவிடாமல் மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டே போவது போன்ற வேலை இது.

தண்ணீர் மட்டும் என்றால்கூட இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. எரியும்போது உண்டாகும் நைட்ரஜன், கந்தக வாயுக்கள் இந்தத் தண்ணீரில் கரைந்து அமிலமாகின்றன. அந்த அமிலத்தை முறிக்கும் மருந்து ஆயிலில் கலந்தே வருகிறது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அது தீர்ந்தபின் அமிலம் பேரிங்குகளையும் மற்ற உலோகப் பரப்புகளையும் அரிக்கத் தொடங்கும். தண்ணீர், கரி, எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஆயில் ஒருவிதக் கசடாகவும் திரியும். அந்தக் கசடு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால்தான் பெரிய செலவு.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளே வெளிர்மஞ்சளாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பயந்துவிடாதீர்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு; அது போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கலாம். ஆனால் குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் இந்தப் பசை சகஜம். மூடி இருப்பது இன்ஜினின் உச்சியில், சூடு கடைசியாக எட்டும் இடத்தில். மேலே சொன்ன நீராவி அங்கே போய்ப் படிந்து, ஆயிலோடு கலந்து இப்படி ஆகிறது. குளிர்காலத்தில் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஹெட் கேஸ்கெட்டா இல்லையா என்று பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவினால் ஆயில் சுத்தமாக, வழக்கமான நிறத்தில் இருக்கிறதா? கூலன்ட் அளவு வாரக்கணக்கில் குறையாமல் இருக்கிறதா? இன்ஜின் சூடான பிறகு சைலன்சரில் வெண்புகை நின்றுவிடுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மூடியைத் துடைத்துவிட்டு, ஒருநாள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் குறைந்திருக்கும். டிப்ஸ்டிக்கிலேயே பசை தெரிந்தாலோ கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். கூலன்ட் கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தாங்காது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கிறது. நான் ஊற்றவே இல்லையே, எப்படிக் கூடும்?

குறைந்தால் பதறுகிறோம், கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். கூடினாலும் பதற வேண்டும். ஆறிய இன்ஜினில் கூடுதலாகப் பீய்ச்சப்படும் எரிபொருளில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் திரவமாகவே படிகிறது. அது சுவரில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்புக்கு இறங்கும். முதல் கேடு, சுவருக்கும் ரிங்குக்கும் நடுவே மசகு இல்லாமல் போவது. இரண்டாவது, சம்ப்பில் இருக்கும் ஆயில் நீர்த்துப்போவது. நீர்த்த ஆயில் பேரிங்கில் போதிய கனத்துக்குப் படலம் போடாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய நிலையில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்து பாருங்கள். அளவு மெல்ல ஏறிக்கொண்டே வந்து, முகர்ந்தால் பெட்ரோல் நெடியும் அடித்தால் சந்தேகமே வேண்டாம், ஆயிலை மாற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காதீர்கள். புது ஆயிலிலும் அளவு வேகமாக ஏறினால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிகிறதா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்தால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது.

காலையில் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அது நல்லதுதானே?

இல்லை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. சும்மா ஓடும் இன்ஜினில் சுமையே இல்லை, அதனால் மிக மெதுவாகத்தான் சூடேறும். கூடுதல் எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை நீங்களே நீட்டிவிடுகிறீர்கள். முந்தைய பதிலில் சொன்ன கழுவல் அத்தனையும் அந்த ஐந்து நிமிடமும் நடக்கும்.

ஸ்டார்ட் செய்து, பெல்ட் போட்டு, கண்ணாடி சரிபார்ப்பதற்குள் அரை நிமிடம் ஆகிவிடும். அது போதும். அதற்குள் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் மிதமாக ஓட்டிச் சூடாக்குங்கள். கண்ணாடியில் பனி உறையும் ஊர்களில் கண்ணாடி தெளியும்வரை காத்திருப்பது பாதுகாப்புக்காக. அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

சுமை இருந்தால்தான் சூடாகும் என்றால், கிளம்பியதும் நன்றாக ரேஸ் கொடுத்து ஓட்டலாமே?

வேண்டவே வேண்டாம். ஆயில் கெட்டியாக இருக்கும்போது முழுச் சுமை கொடுத்தால் தேய்மானம்தான் மிஞ்சும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) இருக்கும் வண்டியில் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும், அதைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான். முதல் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாமல் ஓட்டினால் போதும்.

எங்கள் ஊரில் வெயில் கொளுத்துகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் படும் கவலை எனக்கு எதற்கு?

கவலை குறையும், ஆனால் போகாது. காற்று 35 டிகிரியில் இருந்தாலும் ஆயில் 90 டிகிரிக்குப் போக இன்னும் 55 டிகிரி ஏற வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து கிளம்புகிறவருக்கு 90 டிகிரி. உங்களுக்குச் சீக்கிரம் முடியும், எரிபொருள் கூடுதலாகப் பீய்ச்சுவதும் சீக்கிரம் நிற்கும். ஆனால் ஐந்து நிமிடப் பயணத்தில் அதுவும் முடியாது.

வெயில் ஊரில் பேட்டரிக்குத்தான் சோதனை அதிகம். ஈய-அமில பேட்டரியின் ஆயுளைச் சூடு குறைக்கிறது, குளிர் அதன் பலவீனத்தை வெளியே காட்டுகிறது. அதனால் அடுத்த பதிலை நீங்களும் படியுங்கள்.

புது பேட்டரிதான். ஆனாலும் அடிக்கடி செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. குறைந்த தூரம் ஓட்டுவதுதான் காரணமா?

இருக்கலாம். ஆனால் பலர் நினைப்பதுபோல ஸ்டார்ட் செய்வது மட்டுமே பேட்டரியைக் காலி செய்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியரை இரண்டு விநாடி இழுத்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு அது) பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து வண்டி நிற்கும்போதே 30 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்றால், ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி போகிறது. ஓடும்போது ஏசி ஃபேன், ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் பங்கு கேட்கின்றன. ஐந்து நிமிட ஓட்டத்தில் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. முக்கால் பங்குவரை வேகமாக ஏறும், மீதிக் கால் பங்கு ஏற மணிக்கணக்கில் ஆகும். பாதி நிரம்பிய நிலையிலேயே வாரக்கணக்கில் இருந்தால் தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் முழுதாக ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிரம்பியிருக்கிறது, 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. பாதிக்கு இறங்கியிருந்தால் வெளிச் சார்ஜரில் ஓர் இரவு போடுவதுதான் சரியான வைத்தியம்.

கிளம்பும்போது சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. ஆயிலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன் அல்லவா, அதே தண்ணீர்தான் குளிர்ந்த குழாயில் படிந்து சொட்டுகிறது. குழாய் முழுவதும் சூடானால் நின்றுவிடும். சூடாவதற்குள் நிறுத்தும் வண்டிகளில் அது உள்ளேயே தேங்கி, சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், ஒருநாள் திடீரென்று ஓட்டை விழும்.

சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. என் வண்டி வருடத்துக்கு 3,000கூட ஓடாது. அப்படியென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும்தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுத நினைத்தேன். அந்த வரியை முழுதாகப் படியுங்கள். "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முன்னதோ அது" என்ற மாதிரி இருக்கும். அந்த 'அல்லது' உங்களுக்காகப் போட்டதுதான். இன்னும் சில பக்கங்கள் புரட்டினால் 'கடினப் பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும். தூசி நிறைந்த சாலை, பாரம் இழுப்பது, நெரிசல் என்று வரும் அந்தப் பட்டியலில் அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவதும் இருக்கும். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் மெதுவாகப் போய்வரும் வண்டி எப்படிக் கடினப் பயன்பாடு ஆகும் என்று கேட்பார்கள். ஆயிலின் பக்கமிருந்து பார்த்தால், நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே சூட்டில் ஓடுவதுதான் சுகமான வாழ்க்கை. தினமும் நனைந்து, நீர்த்து, காயாமல் நிற்பதுதான் கடினம்.

என் யோசனை: உங்கள் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு என்ன காலம் போட்டிருக்கிறதோ, அதைப் பின்பற்றுங்கள். பல வண்டிகளில் அது வழக்கமான இடைவெளியில் பாதியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஒரு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். ஆயில் பார்க்கத் தங்க நிறமாக இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அமிலம் முறிக்கும் மருந்து தீர்ந்துவிட்டதா என்பது நிறத்தில் தெரியாது.

முழு சிந்தடிக் ஆயில் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

ஒரு பகுதி தீரும். குளிரில் அது சீக்கிரம் பாயும், கசடாக மாறுவதும் குறைவு. ஆனால் தண்ணீரும் பெட்ரோலும் சேர்வதை எந்த ஆயிலாலும் தடுக்க முடியாது. அதனால் சிந்தடிக் போட்டேன், இரண்டு வருடம் போகட்டும் என்று விடக்கூடாது. கையேட்டில் எந்தக் கிரேடு சொல்லியிருக்கிறதோ, 0டபிள்யூ-20 ஆனாலும் 5டபிள்யூ-30 ஆனாலும், அதையே போடுங்கள். ஆயில் நீர்த்துப்போகிறதே என்று நீங்களாகவே கெட்டியான கிரேடுக்கு மாறினால், ஆறிய ஸ்டார்ட்டில் அது மேலே ஏற நேரம் பிடிக்கும். தினமும் ஆறிய ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு அது நல்லதல்ல.

வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பெரும்பகுதி உண்மை. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும், சைலன்சர் காயும், ஸ்பார்க் பிளக் முனை 450 டிகிரியைத் தாண்டி அதில் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பெட்ரோலிலும் லேசான பகுதி போய்விடும்.

போகாதவை சில உண்டு. பெட்ரோலின் கனமான பகுதி அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஏற்கெனவே உண்டான அமிலமும் கசடும் அப்படியே இருக்கும். பேட்டரியும் முக்கால் மணி நேரத்தில் முழுதாக நிரம்பாது. ஆகவே வாரம் ஒரு நீண்ட ஓட்டம் மிக நல்ல பழக்கம். அதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

வண்டி எடுக்கவே தேவைப்படுவதில்லை. தினமும் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன்.

தயவுசெய்து நிறுத்துங்கள். இதுவரை சொன்ன கெடுதல் அத்தனையும் இதில் இருக்கிறது, பயன் ஒன்றுமில்லை. எடுத்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்த வேண்டுமென்றால் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பேட்டரிக்குத் தானாக அளவு பார்த்து ஏற்றும் சார்ஜரை மாட்டுங்கள்.

டீசல் வண்டி. புகை வடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது. வொர்க்‌ஷாப்பில் "லாங் டிரைவ் போங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள். டி.பி.எஃப். என்னும் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிரம்பியதும் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தக் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர, கம்ப்யூட்டர் சிலிண்டரில் தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். முழுச் சுத்தமும் முடிய பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். நடுவில் நீங்கள் வீடு வந்து சாவியைத் திருப்பிவிட்டால் பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி முயலும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு அரைகுறை முயற்சியிலும் கூடுதல் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு கூடுவது பற்றிச் சொன்னது டீசலில் இன்னும் தீவிரம். அளவு மிக அதிகமானால் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு. அரிது, ஆனால் நடந்தால் இன்ஜினே போய்விடும்.

சுத்தம் நடக்கிறதா என்பதை நீங்களே உணரலாம். நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடச் சற்று ஏறியிருக்கும், உடனடி மைலேஜ் சட்டென்று விழும், சூடான நெடி வரும், நிறுத்தியபின்னும் ரேடியேட்டர் ஃபேன் பலமாக ஓடும். அப்படி இருந்தால் இன்னும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்தால், கையேட்டில் சொன்ன வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் வொர்க்‌ஷாப் போங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: தினசரி ஓட்டம் சில கிலோமீட்டர்தான் என்றால் டீசல் வண்டி வேண்டாம்.

என்னுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் டர்போ. கூடுதல் கவனம் வேண்டுமா?

வேண்டும். இதில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் சுவரில் படிவது அதிகம், ஆயில் நீர்ப்பதும் அதிகம். உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகில் பெட்ரோல் படாது என்பதால் அங்கே சேரும் கரியைக் கழுவவும் ஆளில்லை. ஆயில் மாற்றும் காலத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஸ்கூட்டர், பைக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அளவு வேறு. காற்றால் குளிரும் சிறிய இன்ஜின் காரைவிடச் சீக்கிரம் சூடேறும். அது நல்லது. ஆனால் அதில் இருக்கும் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், சில ஸ்கூட்டர்களில் அதற்கும் குறைவு. அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே விகிதம் பெரிது. பல பைக்குகளில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன. கார்புரேட்டர் வண்டியில் சோக் போட்டுவிட்டு மறந்து ஓட்டுவது பிளக்கைக் கரியாக்கும் முதல் காரணம். இன்ஜின் பிடித்ததும் படிப்படியாகத் தள்ளிவிடுங்கள்.

சிஎன்ஜி வண்டிதானே, அதில் பெட்ரோல் ஆயிலில் கலக்காதே?

சிஎன்ஜியில் ஓடும்போது கலக்காது, உண்மை. ஆனால் பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, ஓரளவு சூடானபின்தான் வாயுவுக்கு மாறும். மிகக் குறைந்த தூரத்தில் பாதிப் பயணம் பெட்ரோலிலேயே போய்விடும். மீத்தேன் எரியும்போது வரும் தண்ணீரும் அதிகம்: ஒரு கிலோவுக்கு 2.25 கிலோ. பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 1.4 கிலோ அளவில்தான்.

ஹைப்ரிட் வாங்கினால் தப்பித்துவிடலாமா? சிக்னலில் தானாக நின்று ஓடும் இன்ஜின் கெட்டுப்போகாதா?

இரண்டும் வேறு வேறு. சிக்னலில் நின்று ஓடும் வசதி பொதுவாக இன்ஜின் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும், பேட்டரி நிரம்பாவிட்டால் தானாகவே விலகிக்கொள்ளும். சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்வதில் மேலே சொன்ன கெடுதல்கள் ஏதும் பெரிதாக இல்லை. அதற்கேற்றபடி பேரிங்கும் ஸ்டார்ட்டரும் வலுவாகச் செய்யப்பட்டிருக்கும்.

ஹைப்ரிட்டில் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவதால் ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். பிளக்-இன் வகையில் வாரக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓடி, திடீரென்று ஒரு நிமிடம் இன்ஜின் ஓடும். அதனால் கிலோமீட்டர் பார்க்காமல் மாதம் பார்த்து ஆயில் மாற்றும் விதி ஹைப்ரிட்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் என்பவருக்கு முழு மின்வண்டியில் இந்தப் பிரச்சினையே இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் நாலு இடத்தில் நிறுத்துகிறேன். அதுவும் நாலு ஸ்டார்ட்தானே?

எண்ணிக்கை நாலு, ஆனால் ஆறிய ஸ்டார்ட் ஒன்றே ஒன்று. நன்றாகச் சூடான இன்ஜின் அரை மணி நேரம் நின்றாலும் பெரும்பகுதிச் சூட்டை வைத்திருக்கும். அதனால் காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று பிரித்துப் போகும் வேலைகளை ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள். அந்தச் சுற்றிலும் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். அங்கே போவதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், திரும்பி வரும் வழியில் நிறுத்தி நிறுத்தி மற்ற வேலைகளைப் பார்க்கலாம். காசு செலவில்லாமல் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. மைலேஜும் கூடும். நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்துக்கு வண்டியை எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஆயிலில் ஊற்றும் கிளீனர், ஃப்ளஷ் எல்லாம் விற்கிறார்களே, போடலாமா?

காலத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்குத் தேவையில்லை. வருடக்கணக்கில் மாற்றாமல் கசடு பிடித்த இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால், பெயர்ந்த கசடு மொத்தமாகப் போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கலாம். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நல்ல ஆயிலையே குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றி, மெல்ல மெல்லக் கசடு கரையவிடுவதுதான் பாதுகாப்பு.

பத்து வருடப் பழைய கார், 20,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

கிலோமீட்டர் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண் உங்களுக்குச் சொல்வது டயர், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் தேய்மானத்தைத்தான். இன்ஜினுக்கு வேறு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நாளைக்கு ஒருமுறை ஆயில் மாற்றினீர்கள், பில் இருக்கிறதா? பத்து வருடத்தில் இரண்டே பில் என்றால் எனக்கு அந்த வண்டி வேண்டாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, ஒவ்வொரு சர்வீஸும் செய்த வண்டியை அதற்கு முன்னே வைப்பேன்.

பில்கள் சரியாக இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கேட்கும் சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று கவனியுங்கள். ஆயில் மூடியின் உட்புறம், டிப்ஸ்டிக்கில் அளவும் நெடியும், சைலன்சரின் அடிப்புறத் துரு, பேட்டரியின் தேதி, டீசல் என்றால் வடிகட்டியில் இருக்கும் கரியின் அளவை ஸ்கேனரில் பார்ப்பது, இத்தனையும் மேலே சொன்ன காரணங்களுக்காகவே. மூடிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் உலோகம் தெரிய வேண்டும், கருப்புக் கசடு தெரியக்கூடாது. எல்லாம் சரியென்றால் வாங்குங்கள். வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள்.